லாபத்தை எண்ணாத நாள்

ஏசுதாஸ் முனியனுக்குத் தர வேண்டியிருந்த கடன் தொள்ளாயிரம் ரூபாய். ஒரு நாள் கூலி. மாசி மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், உத்திரமேரூரில் ஆண்டாளம்மாள் நெல் மண்டி வாசலில், ஏழு ஆள் பார்த்துக்கொண்டிருக்கத் தராமல் விட்டது. கைமாத்தா வாங்கியதில்லை, வட்டிக்கு வாங்கியதுமில்லை. ஒருத்தன் முதுகு வளைத்துச் சம்பாதித்த காசு இன்னொருத்தன் சட்டைப்பையில் நின்று போனது, அவ்வளவுதான்.

தொள்ளாயிரம் ஒரு காசா என்று கேட்கிறவர்கள் மூட்டை தூக்கிப் பார்க்காதவர்கள். மூட்டைக்கு ஒம்பது ரூபாய். முன்னூறு மூட்டை ஒரு லாரி. மூணு லாரி ஏற்றினால் எட்டாயிரத்து நூறு. அதை ஒம்பது பேர் பிரித்தால் ஆளுக்குத் தொள்ளாயிரம். இந்தக் கணக்குக்குக் காலேஜ் வேண்டாம். ஏசுதாஸ் மூணாங்கிளாஸ். மனசாலேயே போடுவான், ஒரு நாளும் தப்பியதில்லை.

பழையசீவரத்துக்கு அந்தாண்டை ஒரு காலனியிலிருந்து, பதினாலு வயசில், தோளில் ஒரே ஒரு துண்டோடு வந்தவன் அவன். இப்போது ஐம்பத்தெட்டு. மெத்தை வீடு, வாசலில் டூவீலர். பேங்கு வாசப்படி மிதித்ததில்லை, எவன் காலையும் பிடித்ததில்லை. மண்டிக்கு ஏற்றுகூலிச் செட்டு அவனுடையது. ஒம்பது ஆளுக்கு அவன் மேஸ்திரி. அந்த ஒம்பதில் அவனும் ஒருத்தன், மூட்டை தூக்காமல் பங்கு வாங்கிய நாள் கிடையாது. அதை அவன் வாயாலேயே சொல்லுவான், கேட்காதவனுக்கும் சொல்லுவான்.

ஊர் உலகமெல்லாம் போனில் காசு அனுப்புகிற காலத்திலும் அவன் செட்டில் கூலியைக் கையில் எண்ணித்தான் கொடுப்பது. சாயங்காலம் எல்லாரும் வட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி பேர் சொல்லிக் கூப்பிடுவான். ஆள் ஒரு அடி முன்னே வந்து கையை நீட்டுவான். தாள் தாளாக, சத்தமாக எண்ணி வைப்பான். முதல் தாளுக்கு ஒண்ணு என்று சொல்லக் கூடாது, "லாபம்." அப்புறம் ரெண்டு, மூணு. நெல் அளந்தாலும், மூட்டை எண்ணினாலும், கூலி எண்ணினாலும் இந்தப் பக்கத்தில் அப்படித்தான். ஒண்ணு என்று ஆரம்பித்தால் அந்த ஒண்ணோடு நின்று போகும் என்று ஒரு பயம்.

செட்டில் அந்த எண் சொல்கிற வேலை முனியனுடையது. நல்ல தொண்டை. லாரிப் பலகை ஓரத்தில் நின்று, ஏறுகிற ஒவ்வொரு மூட்டைக்கும் குரல் கொடுப்பான். ஒரு அடுக்குக்கு இருபத்தஞ்சு மூட்டை. அடுக்கு முடிந்ததும் மறுபடி "லாபம்" என்று ஒரு இழுப்பு இழுப்பான் பார், தூக்குகிறவனுக்குக் கழுத்துவலி மறந்துபோகும். ஏசுதாஸுக்கு அவன் பதிமூணு வயசு சின்னவன். "தாஸண்ணா" என்பான். இருபது வருஷம் ஒரே தூக்கில் சாப்பிட்டவர்கள்.

அந்த மாசி சனிக்கிழமை மூணாவது லாரிக்கு நோட்டு போட்டவர் சுப்பிரமணி. ஆண்டாளம்மாளின் தம்பி. மெட்ராஸில் ஒரு கம்பெனியில் முப்பத்திநாலு வருஷம் கணக்கு பார்த்து ரிடையராகி, அக்காவோடு வந்து தங்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அந்தம்மாவுக்கு முட்டிவலி, உள்ளே படுத்துவிட்டார்கள். தம்பி நாற்காலி போட்டு உட்கார்ந்து, முனியன் குரலுக்கு ஒரு கோடு, குரலுக்கு ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே போனார். லாரி ஆரணிப் பக்கம் ரைஸ்மில்லுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் கூட்டினார்.

இருநூத்தி எண்பத்தெட்டு.

களத்திலிருந்து போனது முன்னூறு. நோட்டில் ஏறியது பன்னிரண்டு குறைவு. எண் சொல்கிறவன் ஏறுகிற மூட்டைக்குக் குரல் கொடுக்காமல் விட்டால் அது கணக்கில் வராமல் வேறு வழியாகப் போகும், அது மண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த திருட்டு.

"இன்னா மேஸ்திரி, பன்னெண்டு மூட்ட எங்க?" என்று நொண்டிக்கொண்டே வெளியே வந்தார்கள் ஆண்டாளம்மாள்.

"தெர்லம்மா."

"எண்ணு சொன்னது யாரு?"

கூலி எண்ணுகிற நேரம். முனியன் பேர் வந்தபோது அவன் வழக்கம்போல ஒரு அடி முன்னே வந்து கையை நீட்டி நின்றான். அவன் மனசில் எதுவுமில்லை. ஏசுதாஸுக்கு அந்தம்மா பார்வை பிடரியில் ஏறியது. நாற்பது வருஷப் பேர். ஒரு நாளும் ஒரு மூட்டை குறையாத செட்டு.

"கணக்கு வர்ற வரிக்கும் ஒனக்குப் பங்கு இல்ல. கைய மடக்கு."

முனியன் முதலில் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான். அப்புறம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஏழு முகமும் தரையைப் பார்த்தது. விரல் ஒவ்வொன்றாக மடங்கியது. தலைச் சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி மேஸ்திரி" என்று போனான்.

தாஸண்ணா என்று சொல்லவில்லை.

மூணு நாள் கழித்து மில்லிலிருந்து சீட்டு வந்தது. இறங்கியது முன்னூறு. சரியாக முன்னூறு.

சுப்பிரமணி நோட்டை விரித்து வைத்து விழித்தார். ஏசுதாஸ் கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தான். அடுக்குக்கு ஒரு கோடு குறைந்தது. பன்னிரண்டு அடுக்கு, பன்னிரண்டு கோடு.

"சார், லாபத்துக்குக் கோடு எங்க?"

"லாபத்துக்கா? அது சாமி கும்புடற மாதிரி மொதல்ல சொல்றதில்லையா? ரெண்டுலேர்ந்துதான் நான்…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வாயை மூடிக்கொண்டார்.

லாபத்தை எண்ணாமல் விடுகிற மனுஷன் உலகத்தில் இருப்பான் என்று எவனுக்குத் தோன்றும்? அதனால்தான் அன்றைக்கு அத்தனை பேரில் ஒருத்தனுக்கும் அது உறைக்கவில்லை.

ஆண்டாளம்மாள் அன்றைக்கு நிறுத்தி வைத்த ஒம்பது நூறு ரூபாய்த் தாளை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். "குட்த்துடு. சொம்மா இத்த வெளிய பேசிக்கினு கெடக்காத. எந்தம்பி மூஞ்சிய நான் பாக்கணும்."

ஏசுதாஸ் கவரைச் சட்டைப்பையில் வைத்தான். அன்றைக்கே போயிருக்க வேண்டும். போனான், பாதி வழி. தெரு முனையில் நின்று, 'மேஸ்திரி நான் போய் அவன் வாசல்ல நிக்கறதா, ரெண்டு நாள்ல அவனே வருவான்' என்று வண்டியைத் திருப்பினான்.

முனியன் வரவில்லை. முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு போய் சிமெண்டு மூட்டை இறக்க ஆரம்பித்தான். ஊர் அடங்கின பிறகு திரும்புவான். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான் என்று அம்முலு வந்து சொன்னாள். அம்முலு ஏசுதாஸின் சம்சாரம்.

அதிலிருந்து பிடித்தது ஏசுதாஸுக்கு இருப்புக்கொள்ளாத நோய். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்லும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. டீக்கடையில் பாதி டீயில் கிளம்பிவிடுவான். ஏரிக்கரைமேல் வண்டியை விட்டு, அந்தக் கோடிவரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவான். மண்டியில் எண்ணை அவனே சொல்லிப் பார்த்தான். "லாபம்" என்று வாயெடுத்தால் முனியனுடைய அந்த இழுப்பு வரவில்லை. பதினேழுக்கு அப்புறம் பதினாறு. பலகையில் ஏறுகிறவன் கால் தடுமாறுகிறது.

"மேஸ்திரி, நீ எண்ணு சொன்னா மூட்ட ஏறல, எறங்குது" என்றான் பிரபா. செட்டில் வாய் அடங்காத ஆள் அவன். எல்லாரும் சிரித்தார்கள். ஏசுதாஸ் கொக்கியைத் தூக்கித் தரையில் அடித்துவிட்டுப் போனான்.

வீட்டிலும் அதே பேஜார்தான். "சோத்த போட்டா ரசம் கேக்குற, ரசம் ஊத்தினா எழுந்து போற. இன்னாதான் ஒனக்கு?" என்றாள் அம்முலு.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாதவன் சட்டைய தோய்க்கப் போடும்போதெல்லாம் கவர எட்த்து வேற சட்டைல மாத்துவானா? நானும் பாத்துக்கினுதான் கீறேன்."

கடைசியில் போனில் அனுப்பினான். ரெண்டே நிமிஷம், தொள்ளாயிரம் அப்படியே திரும்பி வந்தது. அடுத்த வாரம் அம்முலுவிடம் கவரைக் கொடுத்து அனுப்பினான். அவள் போன வேகத்தில் வந்தாள்.

"அவன் பொண்டாட்டி திலகா வாங்கத்தான் வந்தா. அவன் படுத்த எடத்துலேர்ந்து ஒரு வார்த்த சொன்னான்."

"இன்னா சொன்னான்?"

"எல்லார் முன்னாடியும் இல்லன்னு சொன்ன காசு கதவு சந்துல வந்தா அது கூலி இல்ல, பிச்சன்னான்." கவரை அவன் மடியில் போட்டாள். "எனக்கும் அதான் தோணுச்சி."

பங்குனி போய் சித்திரை, வைகாசி, ஆனி. ஆடியில் சொர்ணவாரி நெல் மண்டிக்கு வரத் தொடங்கியது. ஒரு புதன்கிழமை காலை, மண்டி எதிர்க்கடையில் ஏசுதாஸ் நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருந்தான். ஸ்கூல் பிள்ளைகள் கும்பலாகப் போனார்கள். கொஞ்சம் பின்னால் தனியாக முனியன் மகள் பூஜா. பத்தாவது படிக்கிற பெண். கும்பலில் ஒருத்தி திரும்பிக் கூப்பிட்டாள்.

"ஏய் பன்னெண்டு மூட்ட! சீக்கிரம் வாடி!"

ஒரே சிரிப்பு. கெட்ட மனசில்லை, பழகிப்போன சிரிப்பு. அதுதான் மோசம். பூஜா நின்றாள். புத்தகப் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். அப்புறம் வந்த வழியே திரும்பி நடந்தாள்.

ஏசுதாஸ் கையில் பிட்ட இட்லி அப்படியே நின்றது.

"தெனோம் இப்டித்தான்" என்றார் கடைக்காரர். "இந்த மாசத்துல பாதி நாளு அந்தப் பொண்ணு இங்க வரிக்கும் வந்து திரும்பிடுது. வூட்ல ஸ்கூலுக்குப் போறதா சொல்லிக்கினு ஏரிக்கரையில குந்திக்கினு கீதாம்."

வண்டியை எடுத்தான். மதகு ஓரத்தில், பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"குந்தும்மா."

"வாணாம் பெரிப்பா. எங்கப்பாகிட்ட சொல்லப் போறியா?"

"இல்ல." அவனுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மதகைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தான். "உங்கப்பன் திருடல. அது கணக்குத் தப்பு. எனக்குத் தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"மூணாம் நாள்லேர்ந்து."

பூஜா அவனை நேராகப் பார்த்தாள். பதினைந்து வயசுப் பெண்ணின் பார்வை, அறுபதை எட்டப்போகிற மேஸ்திரிக்குத் தாங்கவில்லை.

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே, எங்கப்பா திருட மாட்டாருன்னு. தெரியாதவங்க கிட்ட சொல்லு." குரல் அங்கே உடைந்தது. "அவரு யார் கூடவும் பேசறதில்ல பெரிப்பா. என் கூடவும். நானும் யார் கூடவும் பேசறதில்ல. வூட்ல டிவி மட்டும் பேசிக்கினு கீது."

ஏசுதாஸ் வண்டிச் சாவியை எடுத்தான்.

"சனிக்கெழம அஞ்சு மணிக்கு மண்டி வாசல்ல உங்கப்பன் பேரக் கூப்புடுவேன். கூட்டிக்கினு வா."

"வர மாட்டாரு. அங்க எல்லாரும் இருப்பாங்க."

"அதுக்குத்தான்."

அங்கிருந்து நேரே மண்டி. ஆண்டாளம்மாள் தராசு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், உள்ளே மேசையில் சுப்பிரமணி.

"அம்மா, சனிக்கெழம முனியன் பங்கக் குடுக்கப் போறேன். எதனால தப்பு வந்துச்சின்னு எல்லாருக்கும் சொல்லப் போறேன்."

"இன்னாத்த சொல்லப் போற? முப்பத்திநாலு வருசம் கம்பெனி கணக்கு பாத்தவன் மூட்ட எண்ணத் தெரியாதவன்னா?"

"அப்ப முனியன் மூட்ட திருடினவன்னு பேரு வாங்கலாமா?"

"அந்தப் பேர வச்சது யாருய்யா?" அந்தம்மா குரலை உயர்த்தவில்லை. "நானா? மூட்ட எங்கன்னு கேட்டேன், கேக்கறது என் வேல. கைய மடக்குன்னு சொன்னது நீ."

அது வந்து விழுந்த இடம் சரியான இடம். அஞ்சு மாசமாக எந்த இடத்தைத் தொடாமல் ஊரைச் சுற்றினானோ அந்த இடம்.

"ஆமாம்மா. நான்தான்."

"சொல்லிக்க. சொல்லிட்டு, திங்கக்கெழமலேர்ந்து செட்ட கூட்டிக்கினு வராத. மானாம்பதி செட்டு வேல கேட்டுக்கினு கீது."

உள்ளே சுப்பிரமணி பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

சாயங்காலம் செட்டைக் கூட்டி வைத்து விஷயத்தைச் சொன்னான். வேலை போகலாம், எட்டு வீட்டு உலையிலும் மண் விழலாம். வேண்டாம் என்று ஒருத்தன் சொன்னாலும் வேறு வழி பார்க்கிறேன் என்றான். நாற்பது வருஷத்தில் மேஸ்திரி அவர்களைக் கேட்டு எதையும் செய்தது அதுதான் முதல் தடவை. பிரபா துண்டை உதறினான்.

"ஒலையில மண்ணப் போடறதுன்னா, அத்தயும் லாபம்னு சொல்லிப் போடு மேஸ்திரி. அன்னிக்கு நாங்களும்தான் தலைய குனிஞ்சிக்கினு நின்னோம்."

சனிக்கிழமை. ரெண்டு லாரிதான். நாலரைக்கே முடிந்துவிட்டது. ஏசுதாஸ் மண்டி வாசலுக்கும் பஸ் ஸ்டாப்புக்குமாக ஏழு தடவை நடந்தான். செல்போனை எடுத்து மணி பார்த்தான், உள்ளே வைத்தான், எடுத்தான். எதிர்க்கடையில் ஆள் சேர்ந்திருந்தது. செய்தி எப்படியோ பரவியிருக்கிறது. ஸ்கூல் பெண்கள் ரெண்டு பேர், அன்றைக்குக் கூப்பிட்டவளும் ஒருத்தி, அம்மாவோடு மாவு வாங்க வந்த சாக்கில் நின்றார்கள்.

அஞ்சு மணி. வட்டம் நின்றது. பேர் பேராகக் கூப்பிட்டான். ஏழு பேருக்கும் எண்ணிக் கொடுத்தான். தன் பங்கை எடுத்துப் பையில் வைத்தான். அப்புறம் பழைய கவரை வெளியே எடுத்தான். வியர்வை பட்டு ஓரமெல்லாம் நைந்திருந்தது.

"முனியன்!"

யாரும் வரவில்லை. ஒரு பஸ் வந்து நின்று போனது.

"முனியன்!"

பஸ் போன புழுதிக்குப் பின்னால், ரோட்டுக்கு அந்தப் பக்கம், பூஜா நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்பன் கையைப் பிடித்திருந்தாள். சின்னப் பிள்ளையை ரோடு தாண்ட வைக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு வந்தாள். முனியன் இளைத்திருந்தான். சிமெண்டு பட்டு முடியெல்லாம் வெளுத்திருந்தது. வட்டத்துக்கு வெளியே நின்றான். அதற்கு மேல் கால் வரவில்லை.

ஏசுதாஸ் தொண்டையைச் செருமினான். முனியனைப் பார்த்துச் சொல்லவில்லை, எதிர்க்கடையைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"மாசி மாசம் பன்னெண்டு மூட்டன்னு ஒரு பேச்சு வந்துதே, அந்தப் பன்னெண்டு மூட்டயும் மில்லுல எறங்கிச்சி. முன்னூறும் எறங்கிச்சி. சீட்டு எங்கிட்ட கீது. நோட்டுல லாபத்துக்குக் கோடு விட்டுப்போச்சி. மூணாம் நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அஞ்சு மாசம் வாய மூடிக்கினு இருந்தேன். மேஸ்திரின்ற திமிரு. இவன் ஒரு மூட்டயும் எடுக்கல. எடுத்தது நான், இவன் ஒரு நாள் கூலிய."

அந்த ஸ்கூல் பெண் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நகர்ந்தாள்.

மண்டிப் படியில் செருப்புச் சத்தம். சுப்பிரமணி இறங்கி வந்தார். அக்கா உள்ளேயிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நான்தான் எண்ணல" என்றார். குரல் கம்மியாகத்தான் வந்தது. "லாபத்த எண்ணணும்னு எனக்குத் தெரியாது. கேட்டிருக்கணும். கேக்க வெக்கமா இருந்திச்சி." கொஞ்சம் நின்று, "எனக்கும் தூக்கமில்லப்பா" என்று முனியனிடம் சொன்னார். திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றார். ஆண்டாளம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முனியன் இன்னும் வட்டத்துக்கு வெளியேதான். பிரபா ஒரு பக்கமும் இன்னொருத்தன் மறுபக்கமும் விலகினார்கள். ஒரு ஆள் நிற்கிற இடம் விழுந்தது. அவன் பழைய இடம்.

"இன்னா முனியா, வெத்தல பாக்கு வச்சாதான் வருவியா?" என்றான் பிரபா.

பூஜா கையை விட்டாள். முனியன் ஒரு அடி வைத்தான். ஆனால் கை தொங்கியபடியே இருந்தது. மடங்கின விரல் மடங்கினபடி.

"நீட்டு" என்றான் ஏசுதாஸ். மேஸ்திரி குரலில் வரவில்லை அது. "முனியா. கைய நீட்டுப்பா."

முனியன் தன் கையைத் தானே பார்த்தான். காய்ப்பு ஏறின கை, கொக்கி கிழித்த தழும்பு. மெதுவாக மேலே வந்தது. விரல் ஒவ்வொன்றாக விரிந்தது.

ஏசுதாஸ் முதல் தாளை எடுத்தான். வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. தாள் காற்றில் படபடத்தது.

"எண்ணுண்ணா" என்றான் முனியன்.

"லாபம்."

தாள் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

"ரெண்டு. மூணு." பூஜாவின் உதடும் சத்தமில்லாமல் கூட எண்ணியது. "நாலு. அஞ்சு. ஆறு." எதிர்க்கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றார். "ஏழு. எட்டு."

கடைசித் தாளை வைத்து, அதன்மேல் வைத்த விரலை எடுக்காமலே சொன்னான்.

"ஒம்பது."